ஒரே லாட்ஜ், நாலு பிராண்ட் டிவி: எது தாங்குச்சு, எது போச்சு, ஏன் போச்சு

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய சுத்தி இருக்குற சந்துங்கள்ல லாட்ஜ் நடத்துறவங்களுக்கு டிவி படுற பாடு நல்லா தெரியும். கல்கத்தா, அசாம், ஜார்கண்ட் பக்கம் இருந்து வைத்தியத்துக்கு வர்றவங்க வாரக்கணக்குல தங்குறாங்க, சிலர் மாசக்கணக்குல, டெஸ்ட்டுக்கும் ஓபிக்கும் போற நேரம் தவிர மீதி நேரமெல்லாம் ரூம்லதான், காலைல பெங்காலி சேனல் போட்டா ராத்திரி படுக்குறவரைக்கும் ஓடும், பேஷண்ட் தூங்குனாகூட கூட வந்தவங்க சவுண்ட கம்மி பண்ணிட்டு பாத்துட்டு இருப்பாங்க. வீட்ல நாலஞ்சு மணி நேரம் ஓடுற டிவி இங்க 15, 16 மணி நேரம் ஓடுது. அதனால வீட்ல பத்து வருஷம் கழிச்சு தெரியுற கோளாறு லாட்ஜ்ல மூணு வருஷத்துல வெளிய வந்துடும். எந்த பிராண்ட் தாங்கும்னு பாக்கணும்னா எங்க ஊர்ல இதவிட சரியான இடம் கிடையாது.

நான் டிவி சர்வீஸ் பண்றவன், சத்துவாச்சாரி பக்கம் கடை. காந்தி ரோட்ட ஒட்டி ஒரு லாட்ஜ், அங்க டிவி வேலை ரொம்ப நாளா நான்தான் பாக்குறேன். கீழ் தளம், அதுக்கு மேல மூணு மாடி, மூணாவது மாடிக்கு மேல வெறும் மொட்டை மாடி, மேல ஷீட் எதுவும் போடல. ஒரு கோடைல வரிசையா டிவி போக ஆரம்பிச்சதும் மொதலாளி கூப்ட்டு, "இன்னா தம்பி, பேரு பெத்த பேரு, ஆனா ஒண்ணும் தாங்கலயே, மொத்தத்தையும் வேற பிராண்டுக்கு மாத்திடலாம்னு இருக்கேன், எது தாங்கும்னு பாத்து ஒரு பேப்பர்ல எழுதி குடு, எங்க அண்ணனும் பங்குதாரர், அவராண்ட காட்டணும்"னாரு. அப்ப எழுதி குடுத்தத விரிச்சு இங்க எழுதுறேன். லாட்ஜ் பேர் போடல, பிராண்ட் பேரும் போடல. ஒரே பேர்ல வர்ற ரெண்டு மாடலுக்கு உள்ள ஒரு ஸ்க்ரூகூட ஒத்துப்போகாம இருக்கும், அப்படி இருக்கப்போ நான் ஒரு பேர சொல்லி அத நம்பி யாராவது வேற மாடல் வாங்கினாலோ வாங்காம விட்டாலோ ரெண்டுமே தப்பு. அ, ஆ, இ, ஈன்னு வச்சுக்கலாம்.

என்னென்ன டிவி இருந்துச்சு

எல்லாமே 32 இஞ்ச். அ, ஆ ரெண்டும் எல்லா வீட்லயும் தெரிஞ்ச பெரிய பேரு, ஷோரூம்ல பில் போட்டு வாங்குனது. இ ஆன்லைன்ல ஆஃபர்ல வாங்குன ஸ்மார்ட் டிவி. ஈ பேரே இல்லாத அசெம்பிள் செட்டு, பேனல், யுனிவர்சல் போர்டு, பிளாஸ்டிக் பாடி எல்லாம் தனித்தனியா வாங்கி கடைல பூட்டி குடுக்குறது, முன்னாடி ஏதோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ரூம் ரெடியாக ரெடியாக அப்பப்ப வாங்குனதால எல்லா மாடிலயும் எல்லா பிராண்டும் கலந்து கெடந்துச்சு. வேணும்னு பிளான் பண்ணி வச்சாகூட இவ்ளோ நல்லா கலக்க முடியாது, எனக்கு உதவுனதே அதுதான். ஒரு மாடி முழுக்க ஒரே பிராண்டா இருந்திருந்தா குறை மாடில இருக்கா டிவில இருக்கான்னு கடைசிவரைக்கும் பிரிச்சு சொல்லியிருக்க முடியாது.

இன்னொண்ணும் கெடச்சுது. ரிசப்ஷன்ல மேனேஜர் அண்ணா ஒரு கம்ப்ளைண்ட் நோட்டு வச்சிருந்தாரு, தண்ணி வரல, ஃபேன் சுத்தல, டிவி வரலன்னு ரூம் நம்பரோட தேதி போட்டு எழுதி வச்சது. டிவி பத்தி எழுதுனத மட்டும் தனியா எடுத்தேன். முதல்ல பிராண்ட் வாரியா பிரிச்சப்போ மொதலாளி சொன்னது நெசம் மாதிரிதான் தெரிஞ்சுது, இ பிராண்ட் மேலதான் புகார் அதிகம். அப்பறம் அதே லிஸ்ட்ட ரூம் நம்பர் வாரியா திருப்பி எழுதினேன். அப்பதான் விஷயமே வேறன்னு தெரிஞ்சுது. படம் இல்லாம சவுண்ட் மட்டும் வருதுன்ற புகார் முக்கால்வாசி மூணாவது மாடி, அதுலயும் மேக்கு பாத்த ரூம். சுத்தமா பவரே வரலன்றது எல்லா மாடிலயும் ஒரே வரிசை ரூம்ங்க, ஒண்ணுக்கு மேல ஒண்ணா. ஸ்கிரீன்ல கோடு விழுந்தது எந்த மாடின்னு கணக்கே இல்லாம அங்கங்க. லோகோலயே நின்னுடுதுன்றது மட்டும் இ பிராண்ட்ல மட்டும்தான். ஆக நாலு விதமான சாவு, அதுல ஒண்ணுதான் பிராண்டோட சாவு.

மேல் மாடி

சவுண்ட் வருது படம் இல்லன்னா வீட்லயே பாக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ரூம இருட்டாக்கிட்டு ஸ்கிரீன்ல டார்ச்ச சாய்ச்சு அடிச்சு பாத்தா உள்ள மங்கலா படம் ஓடுறது தெரியும். தெரிஞ்சா பேனல் நல்லாருக்கு, பின்னாடி வெளிச்சம் குடுக்குற பேக்லைட் போயிருக்குன்னு அர்த்தம். 32 இஞ்ச் டிவில பேனலுக்கு பின்னாடி ரெண்டு மூணு எல்இடி பட்டை இருக்கும், ஸ்ட்ரிப்னு சொல்லுவோம், அதுல இருக்குற எல்இடிங்க எல்லாம் சீரியல் கனெக்ஷன்ல இருக்கும், கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி ஒண்ணு ஓபன் ஆனா மொத்தமும் அணைஞ்சுடும், டிரைவர் சர்க்யூட்டும் அத பாத்துட்டு ஷட்டவுன் பண்ணிடும். சில சமயம் அணையாது, அதுக்கு பதிலா ஸ்கிரீன்ல அங்கங்க வட்ட வட்டமா வெள்ளப் பொட்டு வரும். அது ஒவ்வொரு எல்இடி மேலயும் ஒட்டியிருக்குற சின்ன பிளாஸ்டிக் லென்ஸ் கழண்டு விழுந்தது. சூட்டுல பசை விட்டுப்போய் லென்ஸ் உள்ளயே கீழ விழுந்து கெடக்கும், தொறந்தா பொறுக்கி எடுக்கலாம்.

மேல் மாடில தொறந்த செட்டுங்கள்ல அ, ஆ, இ மூணும் இருந்துச்சு. மூணுலயும் அதே கதைதான், ஸ்ட்ரிப் பழுப்பேறி, லென்ஸ் ஒட்டுன இடம் காஞ்சு வெடிச்சு, ரிஃப்ளெக்டர் ஷீட் எல்இடிய சுத்தி மஞ்சளாகி. அதே மாடல் டிவி கீழ் தளத்துல ரிசப்ஷன் பக்கத்து ரூம்ல ஒரு பிரச்சினையும் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு, இது இ பிராண்ட சொல்றேன், மொதலாளி வேஸ்ட்டுன்னு சொன்ன அதே பிராண்ட்.

வேலூர் வெயில் பத்தி வேலூர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அக்னி நட்சத்திரம் சமயம் 40 டிகிரிய தாண்டுறது வருஷா வருஷம் நடக்குது, மொட்டை மாடிக்கு கீழ ரூம், சாயங்கால வெயில் நேரா அடிக்கிற மேக்கு செவுரு, அந்த செவுத்துலயே டிவிய ஒட்டுன மாதிரி மாட்டியிருக்காங்க. பெரும்பாலான டிவி மேனுவல்ல சுத்தி இருக்குற காத்தோட சூடு 40 டிகிரிக்குள்ள இருக்கணும்னு எழுதியிருக்கும், சுத்தி 10 சென்டிமீட்டர் எடம் விடணும்னும் இருக்கும். இங்க பிராக்கெட் செவுத்தோட ஒட்டுனது, பின்னாடி விரல்கூட போகாது. ஏசி இல்லாத ரூம். இதுக்கு மேல எல்லா டிவியும் விவிட் மோட்ல, பேக்லைட் 100ல. கடைல பளிச்சுன்னு தெரியணும்னு வச்சிருந்தத ரூம்ல மாட்டுனப்போ யாரும் மாத்தல.

சூடு என்ன பண்ணும்னு ஒரு கணக்கு போட்டு மொதலாளிக்கு காட்டினேன். பவர் போர்டுல இருக்குற எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், அதாவது கரண்ட்ட சேத்து வச்சு சீராக்குற பாகம், அது மேல 105 டிகிரின்னு அடிச்சிருக்கும், சாதாரண ரகம்னா அந்த சூட்டுல 2,000 மணி நேரம்னு கம்பெனி சொல்லுது. ஒவ்வொரு 10 டிகிரி கொறையுறப்பவும் ஆயுசு இரட்டிப்பாகும், இது எலெக்ட்ரானிக்ஸ்ல எல்லாரும் எடுத்துக்குற பொதுக்கணக்கு. அப்ப 65 டிகிரில 32,000 மணி நேரம், 75 டிகிரில 16,000 மணி நேரம். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் பாக்குற வீட்ல 32,000 மணி நேரம்ன்றது 17 வருஷத்துக்கு மேல, டிவி போறதுக்குள்ள மனுஷனுக்கே அலுத்துப்போய் புதுசு வாங்கிடுவான். 16 மணி நேரம் ஓடுற லாட்ஜ்ல அதே 32,000 அஞ்சரை வருஷத்துல முடியுது, மேல் மாடி சூட்டுல உள்ள 75 டிகிரி போச்சுன்னா ரெண்டே முக்கால் வருஷம். ஒரே கெப்பாசிட்டர், ஒரே பிராண்ட், 17 வருஷமும் வரும், மூணு வருஷத்துக்குள்ளயும் போகும். எல்இடிக்கு இதே ஃபார்முலா கிடையாது, ஆனா சூடு ஏற ஏற ஆயுசு கொறையுறது அதுக்கும் பொருந்தும்.

கனடால ஆர்டிங்ஸ்னு (RTINGS) டிவி டெஸ்ட் பண்ற கம்பெனி இருக்கு, 100 டிவிய வாங்கி வருஷக்கணக்குல ஓட விட்டு பாத்தாங்க. அதுலயும் பேக்லைட்தான் பெரிய பிரச்சினை, முக்கியமா ஓரத்துல மட்டும் எல்இடி வச்சு டிவிய மெலிசா பண்ற டிசைன்ல சூடு ஒரே எடத்துல சேந்து உள்ள ஷீட்டுங்க வளைஞ்சு வெடிக்குது. அவங்க பல பிராண்ட வச்சு பாத்தும் கடைசில பிரிச்சு காட்டுனது பேர விட டிசைனதான்னு எனக்கு படுது.

ஒரே ஸ்ட்ரிப், ரெண்டு பேரு

மேல் மாடில தொறந்த அ செட்டுலயும் இ செட்டுலயும் இருந்த பேனல் நம்பர பாத்தேன். பேனல் பின்னாடி ஸ்டிக்கர்ல நம்பர் எந்த எழுத்துல ஆரம்பிக்குதுன்னு பாத்தா யாரு செஞ்சதுன்னு ஓரளவுக்கு தெரியும், ஹெச்வின்னு ஆரம்பிச்சா பிஓஇ, எல்சின்னா எல்ஜி டிஸ்ப்ளே, எஸ்டின்னா சிஎஸ்ஓடி, டின்னா ஏயூஓ. ரெண்டு செட்டுலயும் ஒரே கம்பெனி பேனல், ஸ்ட்ரிப் நம்பரும் ஒண்ணு. ஷோரூம்ல அ வாங்க குடுத்த கூடுதல் காசு அந்த ஸ்ட்ரிப்புக்குள்ள போகல.

இது ஏதோ ஏமாத்து வேலைன்னு நான் சொல்லல, டிவி தொழிலே இப்ப அப்படித்தான். சாம்சங் டிஸ்ப்ளே 2022லயே எல்சிடி பேனல் செய்யுறத நிறுத்திடுச்சு, எல்ஜி டிஸ்ப்ளே குவாங்சூ ஃபேக்டரிய டிசிஎல்லோட சிஎஸ்ஓடிக்கு வித்துடுச்சு. தோஷிபா பேர்ல வர்ற டிவிய ஹைசென்ஸ் செய்யுது, ஃபிலிப்ஸ் பேர்ல வர்றது டிபிவி. காட்பாடில ரயில் ஏறுனா நூத்து சொச்சம் கிலோமீட்டர்ல திருப்பதி, அங்க டிக்சன் கம்பெனி பல பிராண்டுக்கு டிவி செஞ்சு குடுக்குது. அதனால "எந்த கம்பெனி நல்லாருக்கும்"னு கேக்குறப்போ நாம நெனச்சிட்டு இருக்குற கம்பெனி வேற, டிவிய பூட்டுன கம்பெனி வேற, பேனல் செஞ்ச கம்பெனி வேற.

எங்க ஊர் பக்கம் இதுக்கு முன்னாடியே ஒரு பெரிய உதாரணம் இருந்துச்சு. 2006ல தொடங்குன இலவச கலர் டிவி திட்டத்துல தமிழ்நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேல 14 இஞ்ச் டிவி குடுத்தாங்க, அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேர்ணாம்பட்டுன்னு எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி செட்டு. முன்னாடி என்ன பேர் இருக்குன்னு யாரும் பாக்கல, கவர்மெண்ட் டிவி அவ்ளோதான். எது சீக்கிரம் போச்சு எது நின்னுச்சுன்னு ரிப்பேருக்கு வந்தத வச்சு பாத்தா மின்னல், லோ வோல்டேஜ், எலி கடிச்ச வயரு, சமையல் புகை, இதுலதான் வித்தியாசம் தெரிஞ்சுது. பேர எடுத்துட்டா மீதி என்னன்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு.

நியூட்ரல்

பவரே வராத டிவிங்க ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஒரே வரிசைல இருந்துச்சுன்னு சொன்னேன் இல்லயா, அந்த வரிசை மொத்தமும் ஒரே ஃபேஸ். கட்டடத்துக்கு த்ரீ ஃபேஸ் லைன், வரிசைக்கு ஒரு ஃபேஸா பிரிச்சு வயரிங் பண்ணியிருக்காங்க. போர்ட தொறந்தா எல்லாத்துலயும் ஃபியூஸ் போயிருக்கு, வோல்டேஜ் எகிறுனா அடிய வாங்கிக்கிற எம்ஓவின்ற பாகம் கருகியிருக்கு, பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கு. ஒரு போர்டுன்னா போர்டு மேல சந்தேகப்படலாம், மூணு பிராண்ட் போர்டும் அதே எடத்துல உப்புதுன்னா லைன்ல இருந்து ஏதோ அடிக்குது.

சாயங்காலம் கீஸரும், ஏசி இருக்குற ரூம்ல ஏசியும் ஓடுற நேரத்துல பிளக்ல மீட்டர் வச்சு பாத்தேன். மத்த ரெண்டு ஃபேஸ்ல லோடு ஏறுனா இந்த ஃபேஸ்ல வோல்டேஜ் எகிறுது, 290 வரைக்கும் போச்சு. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற பொது வயரு, லூஸ். மெயின் போர்டுல நியூட்ரல் பார்ல ஒரு ஸ்க்ரூ, வயரு கருத்து இன்சுலேஷன் உருகி நின்னுட்டு இருந்துச்சு. நியூட்ரல் சரியா உக்காரலன்னா எந்த ஃபேஸ்ல லோடு கம்மியோ அதுல வோல்டேஜ் ஏறும், நியூட்ரல் மொத்தமா விட்டுப்போச்சுன்னா 400 கிட்ட வந்துடும், அன்னிக்கு டிவி மட்டும் இல்ல, அந்த வரிசைல பிளக்ல இருக்குறது மொத்தமும் போயிடும்.

இங்கதான் பிராண்டுக்கு பிராண்ட் ஒரு நெசமான வித்தியாசம் பாத்தேன், அத கண்டிப்பா எழுதணும். 230 வோல்ட் ஏசிய டிசியா மாத்துனா உச்சம் 325 வோல்ட் கிட்ட வரும், அதனால ஃபில்டர் கெப்பாசிட்டர் 400 வோல்ட் போட்டாலே போதும்னு நிறைய போர்டுல 400தான் இருக்கு. 290 வந்தா உச்சம் 410. 400 வோல்ட் கெப்பாசிட்டர் தாங்காது, அன்னிக்கே வெடிக்கலன்னாலும் கொஞ்சம் கொஞ்சமா உப்பும். ஆ பிராண்ட் போர்டுல 450 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தாங்க, அதுக்கு 318 வரைக்கும் வந்தாலும் கணக்குப்படி எடம் இருக்கு. அந்த வரிசைல ஆ பிராண்ட் டிவி மட்டும் ஒண்ணும் ஆகாம ஓடிட்டு இருந்துச்சு. விலைல சின்ன வித்தியாசம்தான் வரும், அத போடலாம்னு ஒரு இன்ஜினியர் முடிவு பண்ணியிருக்காரு, அவருக்கு என் மரியாதை. ஆனா இத கடைல நின்னு யாரால பாக்க முடியும், பெட்டி மேலயும் எழுதியிருக்காது, டிவிக்கு பின்னாடி 100-240 வோல்ட்னு எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் அடிச்சிருக்கும்.

டிவிக்கு ஸ்டெபிலைசர் வேணுமான்னு கேக்குறாங்க. லோ வோல்டேஜுக்கு வேணாம், 100 வோல்ட் வரைக்கும் பவர் போர்டுல இருக்குற எஸ்எம்பிஎஸ் சர்க்யூட்டே பாத்துக்கும். ஹை வோல்டேஜுக்குதான் காவல் வேணும், அதுக்கு நல்ல எர்த்தும், இறுகுன நியூட்ரலும், ஹை வோல்டேஜ் வந்தா கட் பண்ற சாதனமும் போதும்.

கோடு விழுந்த பேனல்

இது சீக்கிரம் சொல்லி முடிச்சுடுறேன். ரூம் கிளீன் பண்றவங்க கண்ணாடி தொடைக்கிற லிக்விட நேரா ஸ்கிரீன் மேலயே அடிச்சிட்டு இருந்தாங்க. அது வழிஞ்சு கீழ் ஓரத்துல பிளாஸ்டிக் பட்டைக்குள்ள எறங்குது, அங்கதான் சிஓஎஃப்னு மெலிசான ஃபிலிம் பேனல் கண்ணாடியோட ஒட்டியிருக்கு, ஈரம் பட்டா அது அரிச்சு செங்குத்தா கோடு விழும். அத சரி பண்ற மெஷின் எல்லா ஊர்லயும் இல்ல, புது பேனல் விலையோ ஏறக்குறைய புது டிவி விலை. நாலு பிராண்டும் இதுல சமம்தான். அவங்கள யாரும் திட்ட வேணாம்னு மேனேஜர் அண்ணாவாண்ட கேட்டுக்கிட்டேன், டிவிய இப்படி தொடைக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு யாருமே சொல்லல. இப்ப உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி குடுத்தாச்சு.

பிராண்டால வந்த வித்தியாசம்

லோகோலயே நின்னது இ பிராண்ட் மட்டும்னு சொன்னேன். அது உள்ள இருக்குற இஎம்எம்சி மெமரி தேய்ஞ்சு போறது. ஸ்மார்ட் டிவி ஓடுறப்பல்லாம் ஆப் எல்லாம் அதுல எழுதிட்டே இருக்கும், மெமரி சின்னதா, மட்டமா இருந்தா சீக்கிரம் தேயும். லாட்ஜ்ல டிடிஹெச் பாக்ஸ் வச்சுதான் பாக்குறாங்க, ஸ்மார்ட்டே தேவையில்ல, ஆனா அந்த ஸ்மார்ட்டாலதான் டிவி போச்சு. இந்த ஒரு புகார்ல மொதலாளி கோவம் முழுசா நியாயம்.

சர்வீஸ்ல பிராண்டுக்கு பிராண்ட் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அ பிராண்டுக்கு வேலூர்லயே ஆள் இருக்கு, ஸ்ட்ரிப், போர்டு எல்லாம் ரெண்டு மூணு நாள்ல வந்துடுது. இ பிராண்டுக்கு ஆப்ல கம்ப்ளைண்ட் போட்டுட்டு ஆள் வர்றவரைக்கும் காத்துட்டு இருக்கணும், பழைய மாடலுக்கு போர்டே இல்லன்னுட்டாங்க, நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடி பழைய போர்டு வாங்கிட்டு வந்து போட்டேன். ரூம்ல டிவி இல்லன்னா வாடகைல கொறச்சுக்க சொல்லி கேக்குறாங்க, அப்ப டிவி கெட்டுப்போற கணக்க விட, கெட்டா எத்தினி நாள்ல திரும்ப ஓடும்ன்ற கணக்குதான் லாட்ஜுக்கு முக்கியம். குடியாத்தம், ஆரணி, வாணியம்பாடில இருக்குறவங்க இத இன்னும் கவனமா கேக்கணும், வேலூர் டவுனுக்கு வர்ற சர்வீஸ் ஆள் அங்க வருவாரான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க.

ஈ, அந்த அசெம்பிள் செட்டு, ரிப்பேருக்கு ரொம்ப சுலபம். யுனிவர்சல் போர்டு எந்த கடைலயும் கெடைக்கும், அன்னிக்கே மாட்டி அன்னிக்கே ஓட்டிடலாம். அத பாத்துட்டு மேனேஜர் அண்ணா எல்லா ரூமுக்கும் இதையே போடலாமேன்னாரு. நான் வேணவே வேணாம்னு சொன்னேன். டிவிக்கு பிஐஎஸ், அதாவது இந்திய தர நிர்ணய அமைப்போட ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம், பின்னாடி ஐஎஸ்னு ஆரம்பிக்கிற தர நம்பரும் ஆர்னு ஆரம்பிக்கிற நம்பரும் இருக்கணும். ஷாக், நெருப்பு இதுக்கெல்லாம் டெஸ்ட் பண்ணி பாஸ் ஆனாதான் அந்த நம்பர் குடுப்பாங்க. இந்த செட்டுல நம்பரே இல்ல, ஒண்ணுல ஃபியூஸ் இருக்க வேண்டிய எடத்துல கம்பிய சால்டர் பண்ணி வச்சிருந்தாங்க. நியூட்ரல் லூஸா இருக்குற கட்டடத்துல, எழுந்து ஓட முடியாத பேஷண்ட் படுத்திருக்குற ரூம்ல இது இருக்கக் கூடாது. இதுல நான் விட்டுக்குடுக்கல, எல்லா ஈ செட்டையும் எறக்கிட்டோம்.

வாரண்டி பத்தி ஒண்ணு. லாட்ஜ்காரங்க, ஹோட்டல்காரங்க வீட்டு டிவி வாங்கி மாட்டுனா பல பிராண்ட் வாரண்டி கார்டுல வியாபார உபயோகத்துக்கு செல்லாதுன்னு எழுதியிருக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019லயும் வியாபாரத்துக்கு வாங்குனவங்க பொதுவா நுகர்வோர்ன்ற கணக்குல வரமாட்டாங்க, சொந்தப் பொழைப்புக்கு சின்னதா தொழில் பண்றவங்களுக்கு மட்டும் விலக்கு இருக்கு. வீட்டுக்கு வாங்குனவங்களுக்கு அந்த கவலை இல்ல, 1915க்கு போன் பண்ணலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் வாங்குன பொருளுக்கு ஃபீஸ் இல்லாம கேஸ் போடலாம். சாம்சங், எல்ஜி, ஃபிலிப்ஸ் எல்லாம் ஹோட்டலுக்குன்னே தனி மாடல் விக்கிறாங்க, வால்யூம் லாக், ஒரு டிவி செட்டிங்க யுஎஸ்பில எடுத்து எல்லா டிவிக்கும் போடுற வசதி அதுல இருக்கு. விலை அதிகம், ஆனா பேக்லைட்ட ஒரு தடவ கம்மியா வச்சு பூட்டிட்டா தங்குறவங்க யாரும் ஏத்த முடியாதுன்றது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

என்ன பண்ணோம்

முதல் வேலை நியூட்ரல். லைசென்ஸ் இருக்குற எலெக்ட்ரீஷியன வச்சு நியூட்ரல் பார மாத்தி, லக் போட்டு இறுக்கி, எர்த் குழிய புதுசா போட்டு, மெயின்ல ஹை வோல்டேஜ் கட் ஆகுறதுக்கு சாதனம் வச்சாச்சு. மொத்த செலவு ஒரு பெரிய டிவி விலைகூட வரல. அதுக்கப்பறம் அந்த வரிசைல ஒரு போர்டுகூட போகல.

மேல் மாடில டிவிய மேக்கு செவுத்துல இருந்து எறக்கி எதிர் செவுத்துக்கு மாத்துனோம், பின்னாடி எடம் விடுற பிராக்கெட் போட்டோம், எல்லா டிவியும் ஸ்டாண்டர்ட் மோட், பேக்லைட் 50 கிட்ட. படம் மங்கலா தெரியுதுன்னு முதல் வாரம் ஒருத்தர் ரெண்டு பேர் சொன்னாங்க, அப்பறம் யாரும் சொல்லல. போன ஸ்ட்ரிப்ப மாத்துனதுக்கு ஒரு டிவிக்கு சில நூறு ரூபாய்தான் ஆச்சு, கூலி தனி. அதுக்கப்பறம் ஒரு அக்னி நட்சத்திரம் முழுசா தாண்டியாச்சு, மாத்துன செட்டுல எதுவும் திரும்ப வரல. மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிக்க சொல்லியிருக்கேன், அது டிவிக்கு மட்டும் இல்ல, அந்த ரூம்ல படுத்திருக்குற பேஷண்டுக்கும் நல்லது.

புதுசா வாங்க வேண்டியது ஈ செட்டுங்களுக்கு பதிலும், லோகோல நின்னதுல காப்பாத்த முடியாத சில இ செட்டுக்கு பதிலும் மட்டும். 2025 செப்டம்பர் 22ல இருந்து 32 இஞ்ச்சுக்கு மேல உள்ள டிவிக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிடுச்சேன்னு மொதலாளி 43 இஞ்ச் கேட்டாரு. 10க்கு 10 ரூம்ல கட்டில்ல இருந்து அஞ்சடி தூரத்துல 43 எதுக்கு, எல்இடியும் அதிகம் சூடும் அதிகம்னு சொன்னதும் விட்டுட்டாரு. 32லயே, ஸ்மார்ட் இல்லாதது, பின்பக்கம் முழுக்க காத்து போற ஓட்டை இருக்குற கொஞ்சம் தடிமனான மாடல், வேலூர்லயே சர்வீஸ் இருக்குற பிராண்ட், அப்படி கேட்டு லாங் பஜார்ல அலைஞ்சப்போ கடைக்காரங்க ரெண்டு பேர் அ பிராண்டயும் ஒருத்தர் ஆ பிராண்டயும் காட்டுனாங்க. ரெண்டும் கலந்தே வாங்கினோம்.

அண்ணன் மொதலாளி பேப்பர படிச்சுட்டு கேட்டது ஒரே கேள்வி, "அப்ப இ பிராண்ட தூக்கி போட வேணாமா?" வேணாம்னு சொன்னேன். லோகோல நிக்காத இ செட்டுங்கள கீழ் தளத்துக்கும் முதல் மாடிக்கும் எறக்கியாச்சு, ஆப் எல்லாம் டெலீட் பண்ணி, வைஃபைய எடுத்துட்டு, ஆன் பண்ணா நேரா ஹெச்டிஎம்ஐக்கு போற மாதிரி செட்டிங் வச்சாச்சு. மெமரில எழுதுற வேலை கொறஞ்சா அதுங்க எவ்ளோ தூரம் போகுதுன்னு அதே கம்ப்ளைண்ட் நோட்டுல இப்ப பிராண்ட், மாடி, செவுரு மூணுத்துக்கும் தனி கட்டம் போட்டு மேனேஜர் அண்ணா எழுதிட்டு வர்றாரு.